பாலம் வந்தால் முறுக்கு

அத்தாவைக் கேசட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், தடையில்லை. ஐம்பதைத் தொட்டுக்கொண்டு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிற நம் வயசுக்காரர்களில் பாதிப் பேருக்கு அந்தக் காலத்தில் தகப்பன் என்றால் தொண்ணூறு நிமிஷம்தான். பக்கத்துக்கு நாற்பத்தைந்து. அதிலும் கடைசி ஐந்து நிமிஷம் வெறும் இரைச்சலாக ஓடும். அதையும் விடாமல் கேட்போம், நடுவில் ஏதாவது சொல்லிவிட்டால் என்ன செய்வது?

எங்கள் ஊர் கூத்தாநல்லூர். வாரத்துக்கு ஒருவராவது விமானம் ஏறப் போவார், ஒருவராவது இறங்கி வருவார். ஏறுகிறவர் பெட்டியில் எங்கள் கேசட் போகும், இறங்குகிறவர் பெட்டியில் அத்தாவின் கேசட் வரும். தெருவில் புது செண்ட் வாசனை அடித்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசனை வந்த வீட்டுக்கு ஓடுவேன்.

அத்தா பிறக்கும்போதே வெளிநாட்டுக்காரர் இல்லை. ஊருக்கு மேற்கே எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ஆட்களோடு கூடவே நின்று நாற்று விட்டு, தானே மடை பார்த்தவர். அடுத்தடுத்து இரண்டு குறுவைப் பயிர், ஆற்றில் தண்ணீர் வராமல் கருகிப் போயிற்று. மூன்றாவது குறுவைக்கு நாற்றங்கால் உழுகிற நேரத்தில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டார். அவர் போனபோது எனக்கு எட்டு வயது, தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான்.

கேசட்டில் பேசுவதற்கு எங்கள் ஊரில் ஒரு முறை இருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீற மாட்டார்கள். நல்ல சேதி மட்டும்தான் பேச வேண்டும். "அக்கரையில கெடக்குறவங்களுக்கு இங்கேருந்து கவலைய அனுப்பக் கூடாது" என்பாள் அம்மா. எனக்கு அம்மை போட்டதை, ஆறித் தழும்பு மறைந்த பிறகுதான் சொன்னோம். கொல்லைச் சுவர் இடிந்து விழுந்ததை, "கொல்லை இப்பொ நல்லா காத்தோட்டமா இருக்கு" என்று அம்மா பதிந்தாள். பால் மாடு செத்துப் போனது அத்தாவுக்கு, அவரே வந்து தொழுவத்தைப் பார்க்கிற வரைக்கும் தெரியாது. அது அவருடைய கணக்கில் இரண்டு கன்று போட்டு நன்றாக இருந்தது.

அத்தாவும் அப்படித்தான். சலாம் சொல்லி ஆரம்பித்தால் சாப்பாடு நன்றாக இருக்கிறது, அறை நன்றாக இருக்கிறது, முதலாளி நல்லவர், எல்லாமே நன்று. ஆனால் ஒரே மூச்சில் பேச மாட்டார். கொஞ்சம் பேசுவார், 'டக்' என்று ஒரு சத்தம், மறுபடி பேசுவார், மறுபடி 'டக்'. எங்கள் டேப் ரிக்கார்டர்தான் கெட்டுவிட்டது என்று நான் அதன் தலையில் தட்டுவேன். நடுநடுவே இருமுவார். "ஏசி ஒத்துக்கல, வேற ஒண்ணுமில்ல" என்பார். ஏசியில் உட்கார்ந்து இருமுகிற அளவுக்கு நம் ஆள் உயர்ந்துவிட்டார் என்று அம்மாவுக்கு உள்ளூரப் பெருமை. சுக்கும் திப்பிலியும் இடித்து, போகிறவர்கள் பெட்டியில் கொடுத்தனுப்புவாள்.

அவர் போய் இரண்டு வருஷம் முடியப் போகிற ஆனி மாதம் ஒரு கேசட் வந்தது. அதில் அத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பெரிய புள்ள. லீவு எடுத்துக்கன்னு சொல்லிட்டாங்க. ஆடியில வர்றதா, தையில வர்றதான்னு யோசனையா இருக்கு. ஆத்துல தண்ணி வந்துருச்சாம்மா? வந்திருந்தா அந்தச் சத்தத்த இதுல புடிச்சு அனுப்பு. இங்க எல்லாம் கெடைக்குது, அது ஒண்ணுதான் கெடைக்கல."

ஆற்றில் தண்ணீர் வரவில்லை. அந்த வருஷமும் அணையைத் திறக்கவில்லை. ஆடிப் பெருக்கு எங்கள் பண்டிகை இல்லை என்றாலும், ஆடியில் ஆறு இரு கரையும் தொட்டுப் போகும் என்கிற கணக்கு எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். அந்த வருஷம் ஆற்றுக்குள் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். அம்மா கேசட்டை நிறுத்திவிட்டு, அரிசியில் கல் பொறுக்கப் போய்விட்டாள். என்ன சொல்வது என்று நான் கேட்டதற்கு, "இல்லன்னு மட்டும் சொல்லிடாதே, மனசு விட்ருவாரு" என்றாள். வேறு என்ன சொல்வது என்று சொல்லவில்லை.

நான் சாயங்காலம் ஓதப் போகிற பள்ளிவாசலில், தொழ வருகிறவர்கள் கை கால் கழுவ ஒரு தொட்டி உண்டு. ஹவுலு என்போம். அஸர் தொழுகைக்கு முன்னால், பாங்கு சொல்கிற கிழவர் மோதினார் மோட்டார் போட்டு அதை நிரப்புவார். கை தடிமனுக்கு ஒரு குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆற்று மதகுதான். டேப் ரிக்கார்டரைத் துப்பட்டிக்குள் மறைத்துக் கொண்டுபோய் ஹவுலு விளிம்பில் வைத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பத்து நிமிஷம் பதிந்தேன். வீட்டுக்கு வந்து, "அத்தா, இது நம்ம ஆறு. பாலத்துக்குக் கீழே ரெண்டு கரையும் போவுது" என்று சேர்த்துக்கொண்டேன். மோட்டார் சத்தம் கேட்காதபடி தள்ளி உட்கார்ந்ததில் எனக்கு ஒரே பெருமிதம்.

அம்மா அந்தக் கேசட்டை முழுதாகக் கேட்டாள். என்னைப் பார்க்கவில்லை. "தண்ணிச் சத்தம் நல்லா விழுந்திருக்கு" என்று சொல்லி, துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள்.

பதில் கேசட் இருபது நாளில் வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் அதற்கு முன் வந்ததில்லை. அத்தாவின் குரலே வேறு மாதிரி இருந்தது.

"தையெல்லாம் வேணாம். ஆடியிலயே வர்றேன். மெட்ராஸ்ல எறங்கி, ராத்திரி பஸ்ஸப் புடிச்சு விடிய சீர்காழி வந்துருவேன், அக்கா வீட்டுக்கு. நீங்க மூணு பேரும் காரு எடுத்துக்கிட்டு அங்க வந்துருங்க. அங்கேருந்து நம்ம ஊரு வரைக்கும் கார்ல போவோம். அவசரமில்ல, ஒரு பகல் பூரா ஆனாலும் சரி. பச்சையா இருக்குற பக்கமா பாத்து ரோட்ட முடிவு பண்ணி வைங்க. ஒவ்வொரு பாலத்துலயும் நிப்பாட்டணும். பெரிய புள்ள, நீதான் எல்லாத்தையும் எழுதி வைக்கணும்."

அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. அதை ஹவுலுத் தண்ணீரைக் காட்டி நான் இந்த வறட்டு ஆடிக்கு இழுத்துவிட்டேன். தையில் வந்திருந்தால் மழைத் தண்ணீராவது நின்றிருக்கும், எங்காவது நெல் பழுத்திருக்கும். அம்மாவிடம் அழுதேன். திட்டுவாள் என்று பார்த்தால், "நான்தானே சுத்திக் குடுத்தேன்" என்றாள். தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, "பின் வீட்டுக் கார்க்காரரக் கூட்டியா" என்றாள்.

கார்க்காரர் ஒரு வெள்ளை அம்பாசிடர் வைத்து வாடகைக்கு ஓட்டியவர். கல்யாணம், பிரசவம், விமான நிலையம் என்று டெல்டாவில் அவர் போகாத ரோடு கிடையாது. வந்து முற்றத்தில் உட்கார்ந்து, விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினார்.

"நேர் ரோடு மாயவரம், பூந்தோட்டம், திருவாரூர். அந்தப் பக்கம் போனா ஒரு புல்லு கூடப் பச்சையா இல்ல தங்கச்சி. பொட்டலாக் கெடக்கு."

"வேற வழியே இல்லீங்களாண்ணே?"

"இருக்கு. சுத்து. சீர்காழியிலேருந்து மேக்கால திரும்பி மணல்மேடு, பந்தநல்லூர், திருப்பனந்தாள்னு கும்பகோணம் போவணும். அங்கல்லாம் பில்டர் பாயிண்ட்டுன்னு கொழாய எறக்கி மோட்டார்லயே குறுவை நட்டிருக்கான். பூமிக்கடியில நல்ல தண்ணி. பச்சப்பசேல்னு இருக்கும். அப்புறம் கும்பகோணத்துலேருந்து தெக்க எறங்கி வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடின்னு வந்து நம்ம ஊரு."

பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அதன் வெள்ளைப் பக்கத்தில் நான் கோடு போட்டேன். பாம்பு போன தடம் மாதிரி கோணல் மாணலாக ஒரு ரோடு. கார்க்காரர் சொல்லச் சொல்ல ஊர்ப் பெயர்களை எழுதி, பம்ப்செட் வயல் வருகிற இடங்களில் பச்சைப் பென்சிலால் தீட்டினேன். மணல்மேட்டிலிருந்து திருப்பனந்தாள் வரை தாள் நல்ல பச்சையாக இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"ஆனா ஒண்ணு" என்றார் கார்க்காரர். "எப்புடிச் சுத்துனாலும் காவேரியத் தாண்டித்தானே ஆவணும்?"

அதை நாங்கள் யாரும் நினைக்கவில்லை. சீர்காழி காவிரிக்கு வடக்கே, எங்கள் ஊர் தெற்கே. நடுவில் காவிரி மட்டுமா? அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, இடையில் பெயர் தெரியாத இரண்டு, கடைசியில் எங்கள் ஊர் ஆறு. கார்க்காரர் விரல் விட்டு எண்ணினார். எட்டுப் பாலம். எட்டிலும் மணல்.

"கொள்ளிடம்?" என்றாள் அம்மா.

"அது பஸ்ஸுல தூங்கும்போதே போயிடும். தவுறவும் கொள்ளிடம் என்னைக்கித் தண்ணியோட கெடந்துச்சு, வெள்ளம் வந்தாத்தான் உண்டு. அதப் பாத்தா பாய் தப்பா நெனைக்க மாட்டாரு. மத்ததச் சொல்லுங்க."

அம்மா யோசித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தீவிரத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பிறகு சொன்னாள்: "பாலம் வர்ற நேரத்துல அவரு வெளியில பாக்காம இருந்தாப் போதும்."

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் நடந்ததைத் திட்டம் என்று சொல்வதா, பைத்தியம் என்று சொல்வதா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு பாலத்துக்கும் ஒரு வேலை வைத்தோம். காவிரிப் பாலத்தில் சோற்றைப் பிரிப்பது. டிபன் கேரியரைத் திறந்தால் அத்தா கண் வேறெங்கும் போகாது என்பது அம்மாவின் அனுபவம். அரசலாற்றில் முறுக்கு. அடுத்ததில் தம்பி அவருக்குப் பாடிக் காட்டுவது. குடமுருட்டியில் நான் பள்ளிக்கூடத்து மார்க் அட்டையைக் கொடுப்பது. கணக்குப் பாடத்தில் என் மார்க்கைப் பார்த்தால் மனுஷர் இரண்டு பாலத்துக்குத் தலை நிமிர மாட்டார் என்று கார்க்காரர் சொன்னார். வெட்டாற்றில் மறுபடி முறுக்கு. எல்லாவற்றையும் காலண்டர் தாளில் ஊருக்கு நேரே எழுதினேன். ஒவ்வொரு பாலத்துக்கும் கொஞ்சம் முன்னால் கார்க்காரர் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார், அதுதான் எங்களுக்கு அடையாளம்.

"நம்ம ஊருப் பாலம்?" என்றேன்.

"மஃரிபுக்கு அப்புறமா ஊருக்குள்ள நொழையணும். இருட்டுல ஆத்துல தண்ணி இருக்கா இல்லையான்னு எவனுக்குத் தெரியும்?" என்றாள் அம்மா.

கார்க்காரர் சிரித்தார். "சரி தங்கச்சி. விடிஞ்சா?"

"விடிஞ்சா நான் பாத்துக்குறேன். வந்து எறங்குற அன்னைக்கி ஒரு நாளு அவரு சந்தோசமா இருக்கட்டும்ணே."

கார்க்காரர் அதற்கப்புறம் சிரிக்கவில்லை. மறுநாள் மன்னார்குடிக்குச் சவாரி போனவர், தன் செலவில் அங்கிருந்து கும்பகோணம் வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, எந்தப் பாலத்தில் கைப்பிடிச் சுவர் உயரம், எதில் தாழ்வு என்று எனக்குச் சொல்லி எழுத வைத்தார். வலங்கைமான் பக்கம் ஒரு வளைவில் வாழைத் தோப்பு இருப்பதையும் கண்டுபிடித்திருந்தார். அதையும் பச்சையில் தீட்டினேன்.

சீர்காழியில் அத்தாவின் அக்காவான மாமி வீட்டு வாசலில் அத்தாவைப் பார்த்ததும் எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. கேசட்டில் இருந்தவர் பெரிய ஆளாக இருந்தார். இவர் ஒடுங்கி, காது ஓரம் நரைத்து, புதுச் சட்டைக்குள் தளர்வாக நின்றார். தம்பி அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அத்தா பேசினார். "பெரிய புள்ளையா இது?" அந்தக் குரல் கேட்டதும்தான் போய்க் கட்டிக்கொண்டேன். செண்ட் வாசனைக்கு அடியில் ஏதோ சுண்ணாம்பு மாதிரி ஒரு வாசனை அடித்தது.

காரில் முன்னால் கார்க்காரர் பக்கத்தில் அத்தா, பின்னால் நாங்கள் மூன்று பேர், என் மடியில் காலண்டர் தாள். மேற்கே திரும்பியதும் அத்தா கேட்டார், "ஏன், மாயவரம் போவலியா?"

"அங்க ரோடு வேலை நடக்குது பாய்" என்றார் கார்க்காரர், கண் சிமிட்டாமல்.

திட்டம் முதலில் அருமையாக நடந்தது. மணல்மேடு தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சை. குறுவை தூர் கட்டி நின்றது. எங்கேயோ மோட்டார் ஓடுகிற சத்தம், வாய்க்காலில் வெள்ளை வெளேரென்று தண்ணீர். அத்தா கண்ணாடியை முழுக்க இறக்கி, கையை வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பந்தநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு பம்ப்செட் அருகே நிறுத்தச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார். ஒரு தூரைப் பிடித்து அடியில் விரலை விட்டு எண்ணினார். களை பறித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து, "யாருங்க, என்ன வேணும்?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்லீங்க, சும்மா பாக்குறேன்" என்றார். குழாயில் வாய் வைத்து, சட்டை நனையத் தண்ணீர் குடித்தார். காருக்குள் அம்மா என் கையை அழுத்தினாள்.

கும்பகோணத்தை நெருங்கும்போது ஹாரன் இரண்டு தடவை அடித்தது. அம்மா டிபன் கேரியரின் கொக்கியை நீக்கினாள். "என்னங்க, பசிக்குமே, ஒரு வாய் சாப்பிடுங்களேன்."

கார் பாலத்தில் ஏறியது. ஏறி, நின்றுவிட்டது.

முன்னால் பத்துப் பதினைந்து லாரிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் மணல், ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஆற்றுக்குள்ளிருந்து ஏறி வருகிற லாரிகள் பாலத்து முனையில் திரும்ப முடியாமல் அடைத்துக்கொண்டிருந்தன. கார்க்காரர் எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர் ஒத்திகை பார்த்த அன்றைக்கு லாரி ஒன்று கூட இல்லையாம். அம்மா தட்டில் சோற்றை வைத்து நீட்டினாள். அத்தா வாங்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, கைப்பிடிச் சுவரருகே போய் நின்றார்.

நான் பின்னாலேயே ஓடினேன். கீழே காவிரி இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் மணல். நடுவில் லாரித் தடம். இரண்டு எருமைகள் எதையோ தேடிக்கொண்டு நின்றன. அத்தா வெகுநேரம் பார்த்தார். பிறகு பாலத்து ஓரத்துப் படி வழியாக இறங்கத் தொடங்கினார். மேலே அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் தெரிந்தது.

மணல் சுட்டது. ஆற்று நடுவுக்குப் போனதும் அத்தா மண்டியிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மணலைத் தோண்ட ஆரம்பித்தார். நீங்கள் எல்லோரும் சின்ன வயதில் செய்ததுதான், ஊற்றுத் தோண்டுவது. முழங்கை ஆழம் போனதும் மணல் கறுத்தது. இன்னும் கொஞ்சம் போனதும் குழியின் அடியில் தண்ணீர் கசிந்து, கலங்கி, மெதுவாகத் தெளிந்தது.

"அங்க எவ்வளவு தோண்டினாலும் இது வராதும்மா" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். "அத்தா, அது ஆறு இல்லத்தா. பள்ளிவாசல் ஹவுலு. நான்தான் புடிச்சேன். அம்மாவத் திட்டாதீங்க."

அத்தா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

"தெரியும்" என்றார். "தண்ணிச் சத்தத்துக்குப் பின்னாடி மோதினார் இருமுனாரே. அந்த இருமல எனக்குத் தெரியாதா? எத்தன வருசமாக் கேட்டது. பாலத்துல நிப்பாட்டணும்னு சொன்னது, நம்பிட்டேன்னு நீங்க நெனைக்கத்தான்."

"அப்புறம் ஏத்தா வந்தீங்க?"

"எம்புள்ள எனக்காக ஊரெல்லாம் தண்ணி தேடியிருக்குது. இன்னும் ஆறு மாசம் அங்க எப்புடிம்மா உக்காந்திருப்பேன்?"

ஊற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் மொண்டு, கை கால் முகம் கழுவி ஒளு செய்தார். தோளில் கிடந்த துண்டை மணலில் விரித்து லுஹர் தொழுதார். நான் குழியருகே உட்கார்ந்து, அதில் எருமை வந்து வாய் வைத்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

திரும்பி நடக்கும்போது என் கையிலிருந்த காலண்டர் தாளைக் கேட்டார். நின்று முழுதும் படித்தார். அரசலாறு, முறுக்கு. தம்பி பாட்டு. குடமுருட்டி, மார்க் அட்டை. வெட்டாறு, மறுபடி முறுக்கு. நம்ம ஊர்ப் பாலம், இருட்டு. அத்தாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை, இருமலும் சேர்ந்துகொண்டது.

"இத யாரு யோசிச்சது?"

"அம்மாதான்."

தாளை மடித்து என்னிடமே கொடுத்தார். "எழுதுனபடியே நடக்கட்டும். நீ ஒண்ணும் சொல்லிக்காதே."

காரில் ஏறி உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றை வாங்கிச் சாப்பிட்டார். லாரிகள் ஒதுங்கின. ஊர் தாண்டியதும் கார்க்காரருக்கு ஹாரன் அடிப்பதா வேண்டாமா என்று குழப்பம். அத்தா, "என்னண்ணே, ஹாரனு ரிப்பேரா?" என்றார். அவர் இரண்டு தடவை அடித்தார். அம்மா திடுக்கிட்டு முறுக்கை நீட்டினாள். அத்தா வெளியே பார்க்காமல் பின்னால் திரும்பி உட்கார்ந்து, அரசலாறு முடிகிற வரைக்கும் முறுக்குத் தின்றார். அடுத்த பாலத்தில் தம்பி பாடினான். குடமுருட்டியில் என் கணக்கு மார்க்கைப் பார்த்து நிஜமாகவே தலையில் அடித்துக்கொண்டார். வெட்டாற்றில், தானே கேட்டார்: "முறுக்கு இருக்கா?" அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. மீதி ஏழு பாலத்திலும் அவர் ஒரு ஆற்றைக் கூடப் பார்க்கவில்லை. மஃரிப் பாங்கு சொல்லி முடித்து நன்றாக இருட்டிய பிறகு ஊருக்குள் நுழைந்தோம்.

லீவு முடிந்து போனார். அப்புறமும் ஒன்பது வருஷம் அங்கேயே இருந்தார். ஒரேயடியாக வந்தபோது இருமலும் கூடவே வந்தது, விடவில்லை. நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "என்ன வேலை பாத்தீங்க?" என்று கேட்டார். அத்தா அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். கல் அறுக்கிற வேலை. ஏசி அறை எதுவும் கிடையாது. வெட்டவெளியில், மெஷின் பக்கத்தில், தூசிக்குள். சாப்பாட்டு மணி அடித்து, மெஷின் நிற்கிற நேரமாகப் பார்த்து எங்களோடு பேசியிருக்கிறார். மெஷின் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அமுக்கிவிடுவார். அதுதான் அந்த 'டக்'. எங்கள் டேப் ரிக்கார்டரில் கோளாறே இல்லை. அதன் தலையில் எத்தனை தடவை தட்டியிருப்பேன்!

அம்மா அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, சுக்கு இடிக்கிற உலக்கையைப் பரண் மேல் தூக்கிப் போட்டாள். பிறகு அதை யாரும் எடுக்கவில்லை. கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, ஒரு மழையில் பூஞ்சை பிடித்துப் போயின. காலண்டர் தாள் எப்போது தொலைந்தது என்றே தெரியவில்லை. இவற்றில் எதற்கும் நான் இப்போது அழுவதில்லை. ஒன்றுக்குத்தான் வயிறு எரிகிறது. பத்து நிமிஷத் தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு கிழவரின் இருமலை அவர் கண்டுபிடித்தார். பதினோரு வருஷம் அவர் குரலைக் கேட்ட நாங்கள், அதற்குப் பின்னால் என்ன கேட்கிறது என்று ஒரு நாள் கூடக் காது கொடுக்கவில்லை.

இப்போது என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஆபீஸ் வேலை என்று சொல்லியிருக்கிறான். தினமும் காலையில் நான் இட்லிக்கு ஊற்றுகிற நேரத்தில் வீடியோவில் வருவான். அவன் தலைக்குப் பின்னால் எப்போதும் ஒரு பச்சை வயல் படம் இருக்கும், ஃபோனிலேயே அப்படி வைத்துக்கொள்ளலாமாம். சாப்பாடு நல்லா இருக்கு, ரூம் நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்கு என்பான். நானும் என் முழங்காலைப் பற்றி அவனிடம் சொன்னதில்லை.

போன வாரம் அவன் பேசிக்கொண்டிருக்கும்போது அடுப்பை அணைத்தேன். மின்விசிறியையும் நிறுத்தினேன். வயல் படத்துக்குப் பின்னால் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று மோதுகிற சத்தம். யாரோ எதையோ அதட்டிக் கேட்டார்கள், அவன் அந்தப் பக்கம் திரும்பி வேகமாகத் தலையாட்டினான்.

"இங்க பாருப்பா" என்றேன். "பின்னாடி என்னப்பா சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. டீவி."

"டீவி இல்ல. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியல. ரெண்டு மாசமா உங்கிட்ட சொல்லல. இப்ப நீ சொல்லு."

திரையில் அவன் விரல் பெரிதாக வந்து எதையோ தொட்டது. வயல் மறைந்தது. ஏதோ ஹோட்டலின் ஈரமான டைல்ஸ் சுவர் தெரிந்தது, பக்கத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய தட்டுகள், அவன் கழுத்தில் நனைந்த ஏப்ரன். மகன் அதோடு என் முன்னால் நின்றான்.

"சாப்பிட்டியாம்மா?" என்றான்.

"இல்ல" என்றேன். "நீ?"

"இன்னும் இல்ல."